சின்ன ஃபிரிட்ஜுக்கு எவ்வளவு கரண்ட் பில் வரும்? கடலூர், புதுச்சேரிக்குப் புதிதாகக் குடிவருபவர்களுக்கு ஒரு கணக்கு

வேலைக்காகவோ படிப்புக்காகவோ கடலூருக்கும் புதுச்சேரிக்கும் வந்து ஓர் அறையையோ சிறிய வாடகை வீட்டையோ பிடித்துக் குடியேறுபவர்கள், முதல் கோடை தொடங்கியதுமே வாங்க நினைக்கும் பொருள் சிறிய குளிர்சாதனப் பெட்டி. காலையில் காய்ச்சி வைத்த பால் மாலைக்குள் திரிந்துபோகிறது. இரவு அரைத்து வைத்த இட்லி மாவு விடிவதற்குள் பொங்கிப் பாத்திரத்தைத் தாண்டி வழிகிறது. கடையில் போய்க் கேட்டால், "சின்னதுதானே சார், ஒரு பல்பு எரியுற அளவுக்குத்தான் கரண்ட் இழுக்கும்" என்பார்கள். பக்கத்து வீட்டில் கேட்டால், "ஃபிரிட்ஜ் வந்த மாசத்துலேருந்து பில்லு எகிறிப்போச்சு" என்பார்கள். இந்த இரண்டில் எது சரி என்பது பெட்டியைப் பார்த்துத் தீர்மானிக்கக்கூடிய செய்தியே இல்லை. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய ஒரே மாதிரிப் பெட்டி, மஞ்சக்குப்பத்தில் ஒரே தெருவில் உள்ள இரண்டு வீடுகளில் ஒன்றில் இரண்டு மாதத்துக்கு 70 ரூபாயையும் மற்றொன்றில் 550 ரூபாயையும் கூட்டக்கூடும். அது எப்படி என்பதையும், உங்கள் வீட்டில் எவ்வளவு வரும் என்பதை வாங்குவதற்கு முன்பே எப்படிக் கணக்கிடுவது என்பதையும் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

முதல் படி: பின்பக்க ஸ்டிக்கரை விட்டுவிடுங்கள்

லாஸ்பேட்டையில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் என் அக்கா மகன், நண்பர் ஒருவர் விற்பதாகச் சொன்ன சிறிய ஃபிரிட்ஜின் பின்பக்கத்தைப் படம்பிடித்து எனக்கு அனுப்பிவிட்டு, உடனே போனில் கூப்பிட்டான். "மாமா, 230 வோல்ட், 0.8 ஆம்பியர்னு போட்டிருக்கு. பெருக்கினா 184 வாட்ஸ். இருபத்துநாலு மணி நேரத்துக்கு நாலரை யூனிட் வருது. மாசம் 130 யூனிட்டுக்கு மேல போகுமே, வாங்கலாமா?" என்றான். பெருக்கலில் தவறில்லை, பெருக்கிய எண்கள்தாம் அந்தக் கணக்குக்கு உரியவை அல்ல. பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள ஆம்பியர், அந்தப் பெட்டி அதிகபட்சம் இழுக்கக்கூடிய மின்னோட்டத்தைக் காட்டுவது. வயரும் பிளக்கும் அதைத் தாங்க வேண்டும் என்பதற்காக அச்சிடப்படுவது. உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளும் மோட்டாரான கம்ப்ரசர் சீராக ஓடும்போது இழுக்கும் வாட்ஸ் அதைவிடக் குறைவு. அதோடு, கம்ப்ரசர் நாள் முழுவதும் ஓடுவதுமில்லை. உள்ளே வேண்டிய குளிர் வந்ததும் தெர்மோஸ்டாட் அதை நிறுத்திவிடும்; குளிர் குறைந்ததும் மறுபடி ஓட்டும். சாதாரண நாட்களில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு மணி நேரம் ஓடினாலே பல பெட்டிகளுக்குப் போதும்.

ஆகவே ஃபிரிட்ஜைப் பொறுத்தவரை வாட்ஸ் என்னும் எண் பாதிக் கதைதான். மீதிப் பாதி, ஒரு நாளில் எவ்வளவு நேரம் அது ஓடுகிறது என்பது. ஒரு யூனிட் என்பது 1000 வாட்ஸ் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் செலவாகும் மின்சாரம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால், மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

இரண்டாம் படி: கம்ப்ரசர் இருக்கிறதா என்று கேளுங்கள்

இந்தக் கேள்வியைக் கேட்காமல் பலர் ஏமாந்திருக்கிறார்கள் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பத்து, இருபது லிட்டர் பெட்டிகள் பலவற்றில் கம்ப்ரசரே கிடையாது. தெர்மோஎலெக்ட்ரிக் என்னும் முறையில், ஒரு சிறிய தகட்டின் வழியே மின்சாரத்தைச் செலுத்தி ஒருபுறம் குளிரையும் மறுபுறம் சூட்டையும் உண்டாக்குபவை அவை. சத்தமே இருக்காது, எடையும் குறைவு. 60 வாட்ஸ் என்று போட்டிருப்பதைப் பார்த்து, 80 வாட்ஸ் கம்ப்ரசர் பெட்டியைவிட இது சிக்கனம் என்று நினைத்துவிடுவோம். ஆனால் இந்த முறையின் திறன் மிகக் குறைவு; நம் ஊர் வெயிலில் அது நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். 60 வாட்ஸ் 24 மணி நேரமும் ஓடினால் நாளொன்றுக்கு 1.44 யூனிட், 60 நாளில் 86 யூனிட். மூன்றில் ஒரு பங்கு நேரம் மட்டும் ஓடும் 80 வாட்ஸ் கம்ப்ரசர் பெட்டியோ 60 நாளில் சுமார் 40 யூனிட்டோடு நின்றுவிடும். அதற்கு மேல், இவ்வகைப் பெட்டிகள் பெரும்பாலும் அறை வெப்பத்தைவிட இருபது டிகிரி அளவுக்கு மட்டுமே கீழே இறங்கும். அறையில் 36 டிகிரி என்றால் உள்ளே 16 டிகிரி; அந்தக் குளிரில் பால் தங்காது. முகப்பூச்சும் சாக்லேட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: ஸ்டார் லேபிளில் நட்சத்திரத்துக்குக் கீழே உள்ள எண்ணைப் படியுங்கள்

மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2006-இல் தொடங்கிய ஸ்டார் லேபிள் திட்டத்தை எல்லோரும் அறிவோம். நட்சத்திரங்களை எண்ணுவதோடு நிறுத்திக்கொள்வதுதான் வழக்கம். நமக்கு வேண்டியது அதன் கீழே அச்சாகியிருக்கும் ஆண்டு மின் நுகர்வு: "ஆண்டுக்கு இத்தனை யூனிட்" என்ற எண். அதை 6-ஆல் வகுத்தால் இரண்டு மாதக் கணக்கு, 12-ஆல் வகுத்தால் ஒரு மாதக் கணக்கு.

நட்சத்திரத்தை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. நட்சத்திரம் பெட்டியின் கொள்ளளவுக்கும் வகைக்கும் ஏற்ப வழங்கப்படுவது. ஆகையால் ஒரு சிறிய பெட்டியின் மூன்று நட்சத்திரமும் ஒரு பெரிய பெட்டியின் மூன்று நட்சத்திரமும் ஒரே செலவைக் குறிப்பதில்லை. மற்றொன்று, இந்த அளவுகோல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கடுமையாக்கப்படுகிறது. பழைய பெட்டி ஒன்றின் ஐந்து நட்சத்திரம் இன்றைய அளவுகோலில் மூன்றாகவோ இரண்டாகவோ இருக்கலாம். செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் லேபிளில் உள்ள ஆண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே புதிதாக வாங்குபவர்களை வியக்கவைக்கும் ஒன்று உண்டு. 50 லிட்டர் பெட்டியின் ஆண்டு நுகர்வு, பக்கத்திலேயே நிற்கும் 190 லிட்டர் ஐந்து நட்சத்திரப் பெட்டியின் நுகர்வுக்குச் சமமாகவோ அதைவிட அதிகமாகவோகூட இருப்பதுண்டு. ஃபிரிட்ஜ் செலவழிக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி, உள்ளே வைக்கும் பொருளைக் குளிர்விப்பதற்காகச் செலவாவதில்லை. சுவர்கள் வழியாக இடைவிடாமல் உள்ளே கசியும் சூட்டை வெளியேற்றவே செலவாகிறது. கசிவு சுவரின் பரப்பைப் பொறுத்தது. கனசதுரமாக ஒரு 50 லிட்டர் பெட்டியையும் ஒரு 200 லிட்டர் பெட்டியையும் எண்ணிப்பாருங்கள்: கொள்ளளவு நான்கு மடங்கு கூடினாலும் வெளிப்பரப்பு இரண்டரை மடங்குதான் கூடுகிறது. போதாக்குறைக்கு, சிறிய பெட்டியில் இடத்தை மிச்சப்படுத்துவதற்காகச் சுவரின் நுரைத் தடிமனைக் குறைத்திருப்பார்கள். கம்ப்ரசரும் எளிய ரகமாக இருக்கும். லிட்டர் கணக்கில் பார்த்தால் சின்னப் பெட்டிதான் செலவாளி. அறையில் இடமிருந்து, இன்னும் சில ஆண்டுகள் இதே ஊரில் இருப்பீர்கள் என்றால், கரண்ட் செலவுக்குப் பயந்து 50 லிட்டரை எடுப்பதில் பொருளில்லை என்பது என் கருத்து. இடமில்லை, கையில் பணமில்லை, மூன்றாம் மாடிக்குத் தூக்க முடியாது என்பவை வேறு காரணங்கள். அவற்றில் நியாயம் உண்டு.

நான்காம் படி: லேபிள் எண்ணை நம் ஊர் வெயிலுக்கு ஏற்பத் திருத்துங்கள்

லேபிளில் உள்ள எண், ஆய்வுக்கூடத்தில், வெப்பநிலையைக் கட்டுப்படுத்தி, கதவைத் திறக்காமல் அளந்தது. நம் வீட்டிலோ கதவு நாளுக்கு இருபது முறை திறக்கப்படும். கசியும் சூட்டின் அளவு உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைப் பொறுத்தது என்பதால், உள்ளே 5 டிகிரி என்று கொண்டால், மார்கழி இரவில் அறை 25 டிகிரியில் இருக்கும்போது வேறுபாடு 20; சித்திரை மதியத்தில் அறை 35 டிகிரியில் இருக்கும்போது வேறுபாடு 30. கசிவு ஒன்றரை மடங்கு. சூடான காற்றில் சூட்டைத் தள்ளுவது கம்ப்ரசருக்கும் கடினம் என்பதால் செலவு அதற்கும் சற்று மேலே போகும். ஓடு அல்லது ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ், மேற்குச் சுவரை ஒட்டி இருக்கும் மாடி அறைகளில், கடற்காற்று எழும்பிய பின்னும் சுவர் இரவு பத்து மணி வரை சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும்.

ஓரளவு பொருந்திவரும் விதி இது: காற்றோட்டமான தரைத்தள வீடு என்றால் லேபிள் எண்ணோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டுங்கள், மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறை என்றால் பாதியைக் கூட்டுங்கள். என்னிடம் இருக்கும் சிறிய பெட்டியின் லேபிளில் ஆண்டுக்கு 190 யூனிட். ஆறால் வகுத்தால் இரண்டு மாதத்துக்கு 32 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. நானே அளந்தபோது சாதாரண மாதங்களில் 40 வந்தது. அக்னி நட்சத்திர நாட்களின் விகிதப்படி கணக்கிட்டால் 54 வருகிறது.

ஐந்தாம் படி: ஏற்கெனவே ஃபிரிட்ஜ் இருந்தால், மீட்டரின் சிவப்பு விளக்கைக் கொண்டு அளவிடுங்கள்

இதைத்தான் எல்லோரையும் ஒருமுறையாவது செய்துபார்க்கச் சொல்வேன். பிளக்கில் செருகி யூனிட்டைக் காட்டும் சிறு கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றன, இருந்தால் நல்லது. இல்லையென்றால், வீட்டு வாசலில் உள்ள ஈபி மீட்டரே போதும். எலெக்ட்ரானிக் மீட்டரின் முகத்தில் ஒரு சிறு சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்துகொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் அருகே 3200 இம்ப் என்றோ 1600 இம்ப் என்றோ ஓர் எண் இருக்கும். ஒரு யூனிட் செலவானால் அந்த விளக்கு அத்தனை முறை மினுக்கும் என்பது அதன் பொருள். எண் மீட்டருக்கு மீட்டர் மாறும், உங்களுடையதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் உள்ள விளக்கு, மின்விசிறி, டிவி, செட்டாப் பாக்ஸ், வைஃபை பெட்டி, மாட்டியிருக்கும் செல்போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் மறக்காமல் அணையுங்கள். பேட்டரி சத்தமில்லாமல் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்து கணக்கையே கெடுத்துவிடும். முதல் தடவை எனக்கு 190 வாட்ஸ் வந்து, ஃபிரிட்ஜ் பழுதாகிவிட்டதென்றே நினைத்தேன். இன்வெர்ட்டரை நிறுத்திய பிறகுதான் உண்மை தெரிந்தது. ஃபிரிட்ஜ் மட்டும் ஓடும்போது, கம்ப்ரசரின் உறுமல் கேட்கத் தொடங்கி ஐந்து நிமிடம் கழித்து, ஒரு மினுக்கலுக்கும் அடுத்த மினுக்கலுக்கும் இடையே எத்தனை விநாடி என்று செல்போனில் பாருங்கள். 3200 இம்ப் மீட்டர் என்றால் 1125-ஐ அந்த விநாடியால் வகுங்கள். 1600 இம்ப் என்றால் 2250-ஐ வகுங்கள். வரும் விடைதான் ஃபிரிட்ஜ் அப்போது இழுக்கும் வாட்ஸ். என் வீட்டில் 14 விநாடி. 1125 வகுத்தல் 14, சுமார் 80 வாட்ஸ்.

அடுத்து, ஓடும் நேரத்தைக் குறியுங்கள். கம்ப்ரசர் ஓடத் தொடங்கிய நேரம், நின்ற நேரம், மறுபடி தொடங்கிய நேரம் ஆகியவற்றை நான்கைந்து சுற்றுகளுக்கு எழுதிக்கொள்ளுங்கள். இதற்கு மற்ற கருவிகளை அணைத்து வைக்கத் தேவையில்லை. காதால் கேட்டாலே போதும். தை மாதத்தில் எனக்கு 12 நிமிட ஓட்டமும் 22 நிமிட ஓய்வும் வந்தன. 34-க்கு 12, அதாவது நூற்றுக்கு 35. 80 வாட்ஸை 24 மணியால் பெருக்கி, அதில் 35 விழுக்காட்டை எடுத்தால் 670 வாட்ஸ் மணி சொச்சம், நாளொன்றுக்கு 0.67 யூனிட், 60 நாளில் 40. மே மாதத்தில் அதே பெட்டிக்கு 16 நிமிட ஓட்டமும் 18 நிமிட ஓய்வும், நாளொன்றுக்கு 0.9 யூனிட். ஓட்டம் ஓய்வைப் போல இரண்டு மடங்கையும் தாண்டினால், அதுவும் வெயில் இல்லாத காலத்தில் தாண்டினால், பெட்டியில் ஏதோ கோளாறு என்று கொள்ளலாம்: கதவு ரப்பர் தளர்ந்திருக்கும், பனி படிந்திருக்கும், அல்லது உள்ளே குளிரூட்டும் கேஸ் குறைந்திருக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும்: இந்தக் கணக்கு ஓடி நிற்கும் சாதாரண கம்ப்ரசருக்கு மட்டுமே. இன்வெர்ட்டர் கம்ப்ரசர் உள்ள பெட்டி நிற்காமல் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு, மீட்டர் ரீடிங்கைக் குறித்துக்கொண்டு, வெளியூர் போகும் இரண்டு நாள் ஃபிரிட்ஜை மட்டும் ஓடவிட்டு, திரும்பி வந்து பார்ப்பதுதான் வழி.

ஆறாம் படி: யூனிட்டை ரூபாயாக்குங்கள், ஆனால் சராசரி விலையால் பெருக்காதீர்கள்

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். சென்ற பில் தொகையைச் சென்ற பில்லின் யூனிட்டால் வகுத்து, "யூனிட்டுக்கு நாலு ரூபாய் வருகிறது, ஆகவே 40 யூனிட்டுக்கு 160" என்று கணக்கிடுகிறார்கள். புதிதாக வரும் ஃபிரிட்ஜின் யூனிட்டுகள் உங்கள் தற்போதைய செலவின் உச்சியில் போய் உட்காருகின்றன. செலவு கூடக்கூட யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறும் என்பதால், அந்த உச்சிப் படியின் விலையில்தான் அவற்றுக்குப் பணம் கட்டுகிறீர்கள்.

கடலூரில், தமிழகத்தின் மற்ற இடங்களைப் போலவே, வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். 2016-இலிருந்து முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த கட்டணத்தில், இரண்டு மாதச் செலவு 500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு, 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. செலவு 500-ஐத் தாண்டிவிட்டால், அந்த 2.35 என்னும் சலுகைப் படியே மறைந்து, 101-இலிருந்து 400 வரை எல்லா யூனிட்டுக்கும் 4.70 ஆகிவிடும், 401 முதல் 500 வரை 6.30, 501 முதல் 600 வரை 8.40. நீங்கள் இதைப் படிக்கும்போது கட்டணம் திருத்தப்பட்டிருந்தால் புதிய எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். கணக்கு போடும் முறை மாறாது.

மூன்று வீடுகளை எடுத்துக்கொள்வோம். மூன்றிலும் அதே 40 யூனிட் ஃபிரிட்ஜ். முதல் வீட்டில் தனியாள் ஒருவர். ஒரு மின்விசிறி, இரண்டு விளக்கு, ஒரு லேப்டாப். ஃபிரிட்ஜ் இல்லாமல் இரண்டு மாதத்துக்கு 90 யூனிட். ஃபிரிட்ஜோடு 130. இதில் 10 யூனிட் இலவசத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது; மீதி 30 யூனிட்டுக்கு 2.35 வீதம் 70 ரூபாய் 50 காசு. இரண்டாம் வீட்டில் சிறு குடும்பம். ஏற்கெனவே 300 யூனிட். ஃபிரிட்ஜின் 40 யூனிட்டும் 4.70 படியில் விழுகின்றன, 188 ரூபாய். மூன்றாம் வீட்டில் ஏசி இருக்கிறது, 490 யூனிட். அந்த வீட்டின் பில் ஃபிரிட்ஜுக்கு முன் 235-ம் 940-ம் 567-ம் சேர்ந்து 1742 ரூபாய். ஃபிரிட்ஜுக்குப் பின் 530 யூனிட் என்பதால் படிகள் புரண்டு, 1410-ம் 630-ம் 252-ம் சேர்ந்து 2292 ரூபாய். கூடுதல் 550 ரூபாய். யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட 14 ரூபாய். அந்த வீட்டுக்காரர் ஃபிரிட்ஜைத் திட்டுவார். உண்மையில் அவர் திட்ட வேண்டியது 500 என்ற அந்தக் கோட்டை. இரண்டு மாதத்தில் 30 யூனிட்டை ஏசியிலோ வாட்டர் ஹீட்டரிலோ குறைத்திருந்தால் அதே ஃபிரிட்ஜ் அவருக்கு 63 ரூபாயில் முடிந்திருக்கும்.

ஆகவே கடலூரில் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது கடைசி ஆறு பில்களின் யூனிட் எண்ணிக்கை. குறிப்பாக, மே, ஜூன் மாதங்களை உள்ளடக்கிய பில். அதில் 450-ஐ நெருங்கியிருந்தால் கவனம் தேவை; 400-க்குள் இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

முள்ளோடை எல்லையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் நுழைந்ததும் கணக்கு மாறிவிடுகிறது. அங்கே மின்துறையின் பில் மாதந்தோறும் வருகிறது. படிகளும் மாதக் கணக்கில்தான்: முதல் 100 யூனிட், அடுத்த 100, அதற்கடுத்த 100, 300-க்கு மேல். கடலூரில் உள்ளதுபோல முதல் நூறு யூனிட் எல்லோருக்கும் இலவசம் என்பது அங்கில்லை. இணைப்பின் கிலோவாட் சுமையைப் பொறுத்து ஒரு நிலைக்கட்டணமும் உண்டு. நிலைக்கட்டணத்தை ஃபிரிட்ஜ் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஃபிரிட்ஜ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைக் கட்டத்தான் போகிறீர்கள். உங்கள் சென்ற மாதச் செலவு எந்தப் படியில் முடிந்திருக்கிறது என்று பார்த்து, அந்தப் படியின் விலையால் 20-ஐ, அதாவது இரண்டு மாத 40 யூனிட்டில் பாதியை, பெருக்குங்கள். கோடையில் 54-இல் பாதியான 27-ஐப் பெருக்குங்கள். அவ்வளவுதான். கடலூரிலிருந்து மாற்றலாகிப் போகிறவர்கள் இரண்டு மாதப் பில்லையும் ஒரு மாதப் பில்லையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுக் குழம்புவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

செலவைக் குறைக்க எது உதவும், எது உதவாது

வைக்கும் இடம்தான் முதன்மையானது. சிறிய பெட்டிகள் பலவற்றில் சூட்டை வெளியேற்றும் குழாய்கள் பக்கச் சுவர்களுக்குள்ளேயே ஓடுகின்றன. பக்கத்தைத் தொட்டால் சுடும். அது கோளாறு அல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பக்கங்களைச் சுவரோடு ஒட்டி வைத்தாலோ, அழகுக்காகப் பூப்போட்ட உறையால் மூடினாலோ, மேசைக்கு அடியில் துணிமூட்டைகளுக்கு நடுவே செருகினாலோ, சூடு வெளியேற வழியில்லாமல் கம்ப்ரசர் மூச்சிரைக்க ஓடும். பின்னாலும் பக்கங்களிலும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். கேஸ் அடுப்பின் அருகிலும் வெயில் விழும் சன்னலின் கீழும் வேண்டாம்.

அடுத்தது பனி. கடலோரக் காற்றில் ஈரம் மிகுதி என்பதால், சிறிய ஒற்றைக் கதவுப் பெட்டிகளில் ஃபிரீசர் தட்டைச் சுற்றி விரைவிலேயே பனி படிந்துவிடும். பனி குளிரைத் தரும் என்று தோன்றும். உண்மையில் அது குளிர்த்தகட்டுக்கு ஒரு கம்பளிப் போர்வை. அரை சென்டிமீட்டர் தடிமன் வந்ததும் பெட்டியை அணைத்து, கதவைத் திறந்து வைத்து, தானாக உருகவிடுங்கள். அவசரப்பட்டுக் கத்தியைத் தொடாதீர்கள். தீபாவளிக்கு முந்தின நாள் தோசைத் திருப்பியின் முனையால் நான் ஒரு கட்டியை நெம்பியபோது, "உஸ்" என்று ஒரு மெல்லிய சத்தம் வந்தது, அரை நிமிடம்தான். குழாயில் ஊசிமுனை அளவு துளை. கேஸ் முழுவதும் போய்விட்டது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, தோசைத் திருப்பியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஆறு ஆண்டுகளில் அந்தப் பெட்டி குடித்திருக்கும் கரண்டைவிட அந்த ஒரு நாள் செலவுதான் எனக்கு உறைத்தது.

கதவு ரப்பரைச் சோதிக்க, ஒரு பத்து ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி மெல்ல இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்துவிட்டால் அந்த இடத்தில் காற்று நுழைகிறது. தெர்மோஸ்டாட்டைக் கடைசி எண்ணில் வைக்காமல் நடுவில் வையுங்கள்.

உதவாதவை சில. இரவில் ஃபிரிட்ஜை அணைத்து வைத்தால் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் என்று சிலர் நம்புகிறார்கள். எட்டு மணி நேரம் அணைத்தாலும் சூடு உள்ளே கசிந்துகொண்டுதான் இருக்கும். காலையில் போட்டதும் கம்ப்ரசர் ஒரே மூச்சில் அதையெல்லாம் வெளியேற்றியாக வேண்டும். சொற்பமாக மிச்சமாகும், பாலும் மாவும் கெடும். அதேபோல, தண்ணீர் பாட்டில் வைத்தால் பில் ஏறும் என்ற பயமும் தேவையில்லை. ஒரு லிட்டர் தண்ணீரை 32 டிகிரியிலிருந்து 7 டிகிரிக்குக் கொண்டுவர வெளியேற்ற வேண்டிய சூடு 0.03 யூனிட்டுக்குச் சமம். கம்ப்ரசர் அதை அதைவிடக் குறைந்த மின்சாரத்திலேயே முடித்துவிடும். விருந்தினருக்கு ஒரு டம்ளர் ஜில்லென்ற தண்ணீர் கொடுப்பதில் கணக்குப் பார்க்க வேண்டாம். ஆனால் கொதிக்கக் கொதிக்கக் குழம்பை உள்ளே வைப்பது வேறு. அதன் ஆவி முழுவதும் பனியாகப் படியும்.

வாடகை அறையில் சப்-மீட்டர் இருந்தால்

புதிதாக வருபவர்களில் பலருக்கு மேலே சொன்ன கட்டணப் படிகள் எவையும் நேரடியாகப் பொருந்தாமல் போகலாம். வீட்டு உரிமையாளர் ஒரே இணைப்பிலிருந்து அறைக்கு அறை சப்-மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு எட்டு ரூபாய், ஒன்பது ரூபாய், பத்து ரூபாய் என்று ஒரே விலை வாங்கும் இடங்கள் இரண்டு ஊர்களிலும் உண்டு. அங்கே இலவச யூனிட்டும் இல்லை, சலுகைப் படியும் இல்லை. தனி இணைப்பில் 70 ரூபாய் ஆகக்கூடிய அதே 40 யூனிட் அங்கே பத்து ரூபாய் வீதம் 400 ரூபாய். இப்படிப்பட்ட அறையில் இருப்பவர்களுக்கு மட்டும் ஐந்து நட்சத்திரத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் விரைவில் திரும்பி வரும்: ஆண்டுக்கு 60 யூனிட் குறைவாக எடுக்கும் பெட்டி, 4.70 படியில் 282 ரூபாயை மிச்சப்படுத்தும். பத்து ரூபாய் அறையில் 600. அறையைப் பேசி முடிக்கும்போதே, "அம்மா, கரண்ட்டுக்கு யூனிட் என்ன ரேட்? ஃபிரிட்ஜ் வெச்சுக்கலாமா, அதுக்குத் தனியா ஏதாவது தரணுமா?" என்று கேட்டுவிடுங்கள். சப்-மீட்டரும் இருந்து, ஃபிரிட்ஜுக்கென்று மாதம் ஒரு தொகையும் கேட்டால், அது ஒரே மின்சாரத்துக்கு இரண்டு முறை வாங்குவது. பேசிக் குறைக்க உங்களுக்கு உரிமை உண்டு. சப்-மீட்டரே இல்லாமல் ஃபிரிட்ஜுக்கு மாதம் இருநூறு என்று சொன்னால், இருபது யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வீதம் வாங்குகிறார்கள் என்று பொருள். அதிகம்தான், அநியாயம் என்று சொல்ல முடியாது.

என் அக்கா மகன் கடைசியில் நண்பரின் பெட்டியை வாங்கிக்கொண்டான். ஃபிரிட்ஜ் வருவதற்கு முந்தைய மாதத்துச் சப்-மீட்டர் ரீடிங்கையும் வந்த மாதத்து ரீடிங்கையும் காலண்டர் தாளின் பின்புறம் எழுதி வைத்திருந்தான். வித்தியாசம் 22 யூனிட். அறையில் யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் என்பதால் 198 ரூபாய். அவன் முதலில் பயந்த 130 யூனிட்டில் ஆறில் ஒரு பங்கு.